கைக்கணினி வாங்கப் போகிறீர்களா?

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவிலே, வடக்கு நோக்கி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரைக் குகைக் கோயிலை அடையலாம். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பெற்ற இடம் அது என்பது மரபு. பச்சை ஓலையில் எவரும் எழுதுவதில்லை. அதனை அவிப்பர், உலர்த்துவர், மெருகிடுவர், அதன் பின்னரே எழுத்தாணியைக் கையில் எடுப்பர். நன்கு பதப்படுத்திய ஓலையும் அரைகுறையாகப் பதப்படுத்திய ஓலையும் எழுதுகின்ற அன்று ஒன்றுபோலவே தோன்றும். எது நல்லது, எது தீயது என்பது சில ஆண்டுகள் சென்ற பின்னரே தெரியவரும்.

ஓலைக்குப் பின் சிலேட்டு வந்தது. சிலேட்டுக்குப் பின் கொப்பி வந்தது. இன்று நம் பிள்ளைகளின் கையிலே கண்ணாடி முகங்கொண்ட மெல்லிய பலகையொன்று வந்திருக்கிறது. அறிஞர் அதனைக் கைக்கணினி என்பர்; கடைக்காரரும் பிள்ளைகளும் 'டெப்' என்பர். சிறு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் படிப்புக்காக அதிலே நல்லதொன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்வி இன்று மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களிலும், உக்குவளை, இறத்தோட்டை போன்ற சிற்றூர்களிலும் எத்தனையோ பெற்றோரின் மனத்தை அரிக்கின்றது. அவர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே: பெட்டியின்மேல் எழுதியுள்ள விலையைப் பார்த்து வாங்காதீர்கள், அப்பொருள் உங்கள் பிள்ளைக்கு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டு வாங்குங்கள்.

தேவை எழுந்த வரலாறு

குழந்தைகள் கையிலே வைத்துப் படிக்கத்தக்க கணினியொன்றை அமெரிக்க அறிஞர் அலன் கே என்பவர் 1972 ஆம் ஆண்டிலேயே கற்பனை செய்தார். 'டைனாபுக்' என்று அவர் பெயரிட்ட அக்கருவி அன்று கடதாசியளவிலேயே நின்றுவிட்டது. 2010 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் 'ஐபேட்' வெளிவந்த பின்னர்தான் கைக்கணினி உலகெங்கும் பரவலாயிற்று. அவ்வாண்டே சம்சுங் நிறுவனம், கூகுளின் அன்ட்ரொயிட் இயங்குதளத்தைக் கொண்ட கைக்கணினியை வெளியிட்டது. அன்ட்ரொயிட் இயங்குதளத்தைப் பல நிறுவனங்களும் எடுத்தாளலாமாகையால், விலை குறைந்த கைக்கணினிகள் பல்கிப் பெருகின.

எனினும் நம் நாட்டிலே அது பாடசாலைப் பிள்ளைகளின் தேவையாக மாறியது 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் நடுப்பகுதியிலேதான். கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்துக்கு மாறின. தந்தையின் கையடக்கத் தொலைபேசி ஒன்றையே மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்க்கும் நிலை வந்தது. 2021 இல் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ என்னும் ஊரிலே மாணவரும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே மலையுச்சிப் பாறைக்கு ஏறிச் சென்றதை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியிலே கிடக்கும் நம் மாவட்டத்து ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் அந்தப் படம் புதுமையன்று.

பின்னர் பாடசாலைகள் திறந்தன. ஆயினும் குறிப்புகளும், கடந்தகால வினாத்தாள்களும், மேலதிக வகுப்புகளும் இணையத்தை விட்டு நீங்கவில்லை. இதற்கிடையே 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருள்கள் யாவற்றின் விலையும் ஏறின. 2024 சனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆயிற்று.

இவ்விலையேற்றம் ஒரு தொழிலாளர் குடும்பத்தைத் தாக்கிய விதத்தை எண்ணிப் பாருங்கள். 2024 ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மாதத்தில் 25 நாள் தவறாது வேலை செய்தால் 33,750 ரூபா. அதிலே ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் 2,700 ரூபா கழிந்தால் எஞ்சுவது 31,050 ரூபா. நம்பத்தகுந்த ஒரு கைக்கணினிக்கு அத்தனையையும் கொடுத்தாலும் போதாது. ஒரு மாத உழைப்பை விழுங்கும் பொருளைக் கால் மணி நேரத்திலே, கடைக்காரரின் பேச்சை மட்டும் நம்பி வாங்குவது எவ்வளவு பேதைமை! தாய்மார் சேலை வாங்கும்போது நூலை இழுத்துப் பார்க்கிறார்கள். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அந்த விழிப்பு இங்கும் வேண்டும்.

மலிவின் பாடம்

மலிவான கைக்கணினி பற்றி அறிய விரும்புவோர், நம் அயல்நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்ததை நினைவிற் கொள்ளல் நன்று. 2011 அக்டோபர் 5 ஆம் நாள் புதுதில்லியில், அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்னும் கைக்கணினியை வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்னும் நிறுவனம் அதனை ஆக்கித் தந்தது. அரசு கொடுத்த விலை ஏறக்குறைய 2,250 இந்திய ரூபா. உலகிலேயே மிக மலிவான கைக்கணினி என்று நாடெங்கும் பேசப்பட்டது. நோக்கம் மிக உயர்ந்தது; ஏழை மாணவன் கையிலும் கணினி தவழவேண்டும் என்பதே அது.

ஆனால் நடந்தது என்ன? அதன் செயலி 366 மெகாஹேட்ஸ் வேகமே உடையது. நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. திரையோ, விரல் மெல்லத் தீண்டினால் உணராது, அழுத்தினால்தான் உணரும். மின்கலம் சில மணி நேரத்திலே ஓய்ந்தது. பயன்படுத்தியோர் சலித்துக்கொண்டனர். 2012 நவம்பர் 11 ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, திருத்திய 'ஆகாஷ் 2' ஐ வெளியிட்டார். அதிலே தீண்டினால் உணரும் திரையும், விரைவு கூடிய செயலியும், 512 மெகாபைட் நினைவகமும் இருந்தன. எனினும் முதல் மதிப்பு கெட்டபின் அதனை மீட்பது அரிதாயிற்று. சில ஆண்டுகளில் அத்திட்டமே ஓய்ந்துவிட்டது.

ஒரு பேரரசே மலிவை முதலாகக் கொண்டு இறங்கி இடறியது. நாம் வீட்டளவில் அதனைத் திரும்பச் செய்யவேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, 24,000 ரூபாவுக்கு வாங்கிய கருவி ஓராண்டிலே செயலற்றுப் போயிற்று என வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டுச் செலவு 24,000 ரூபா. 54,000 ரூபாவுக்கு வாங்கியது நான்காண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 13,500 ரூபாதான். எது மலிவு? சாதாரண தரத்துக்குப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வாங்கும் கருவி, உயர்தரப் பரீட்சை எழுதும்வரையாவது உடன்வர வேண்டும். இடைநடுவில் அது நின்றுபோனால், மீண்டும் ஒருமுறை வாங்க எத்தனை குடும்பங்களால் இயலும்?

ஆயுளை அறிவது எப்படி?

கைக்கணினியின் ஆயுள் அதன் உடலில் மட்டும் இல்லை. அதனை இயக்கும் மென்பொருளிலும் இருக்கின்றது. அன்ட்ரொயிட் ஆண்டுதோறும் புதிய பதிப்பாக வெளிவருகிறது. 13 ஆம் பதிப்பு 2022 இலும், 14 ஆம் பதிப்பு 2023 இலும், 15 ஆம் பதிப்பு 2024 இலும், 16 ஆம் பதிப்பு 2025 இலும் வெளிவந்தன. இவை தவிர, களவும் கபடமும் நுழையாது காக்கும் பாதுகாப்புத் திருத்தங்களும் இடையிடையே வருகின்றன. இவற்றைக் கருவிக்கு ஏற்றபடி அமைத்து அனுப்பவேண்டியவர் அதனை ஆக்கிய நிறுவனத்தினர். நற்பெயருள்ள நிறுவனங்கள் சில ஆண்டுகள் அனுப்புகின்றன. பெயரறியா நிறுவனங்களோ விற்றதோடு கைகழுவி விடுகின்றன. திருத்தம் நின்ற கருவியிலே முதலில் வங்கிச் செயலிகள் மறுக்கும். பின்னர் வகுப்புக்குரிய செயலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கத் தொடங்கும். கண்ணாடியும் தகடும் புதிதாகவே இருக்க, கருவி பயனற்றுப் போகும்.

ஆகவே கடையிலே கருவியை இயக்கச் சொல்லுங்கள். 'செட்டிங்ஸ்' என்னும் பகுதியைத் திறந்தால், அன்ட்ரொயிட் பதிப்பும், கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் நாளும் தெரியும். மருந்து வாங்கும்போது முடிவு நாளைப் பார்ப்பதுபோல இந்த நாளைப் பாருங்கள். அது இரண்டு மூன்று ஆண்டுகள் பழையதாயின், இணையத்தில் இணைத்துப் புதிய திருத்தம் வருகிறதா எனச் சோதியுங்கள். வராவிடின் அக்கருவி கைவிடப்பட்ட குழந்தை போன்றது. மற்றொன்றையும் மறவாதீர்கள். நிறுவனம் வாக்களிக்கும் ஆண்டுகள், கருவி உலகில் முதன்முதல் வெளியான நாளிலிருந்தே பெரும்பாலும் எண்ணப்படும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. மூன்றாண்டுக்கு முன் வெளியான மாதிரி இன்று விலை குறைத்து விற்கப்படுகிறதெனில், ஆயுளிலும் மூன்றாண்டு குறைந்திருக்கிறது என்றே கொள்ளல் வேண்டும்.

ஏமாற்றும் எண்கள்

விளம்பரங்களிலே பெரிய எண்களைக் கண்டு மயங்குவோர் பலர். இவற்றுள் நினைவகம், சேமிப்பகம் என்னும் இரண்டையும் முதலில் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நினைவகம் என்பது பிள்ளை படிக்கும் மேசை. சேமிப்பகம் என்பது புத்தகங்களை அடுக்கி வைக்கும் அலுமாரி. மேசை சிறிதாயின், ஒரு புத்தகத்தை விரிக்க மற்றொன்றை மூடவேண்டி நேரும். வகுப்பு நடக்கும்போது குறிப்பைத் திறந்தால் வகுப்பு அறுந்துபோவது இதனாலேயே.

இக்காலத்தில் சில விற்பனையாளர், 4 கிகாபைட் நினைவகத்தோடு சேமிப்பகத்திலிருந்து கடன்வாங்கிய 8 கிகாபைட்டையும் கூட்டி, '12 கிகாபைட்' என்று எழுதுகின்றனர். அலுமாரியின் ஒரு தட்டைக் காட்டி மேசை பெரிது என்பதற்கு ஒப்பானது இது. கடன்வாங்கிய நினைவகம் வேகத்திலே உண்மை நினைவகத்துக்கு ஈடாகாது. எனவே "கூட்டாமல் எவ்வளவு?" என்று கேளுங்கள். இதிலாவது பாதி உண்மை உண்டு. முழுப் பொய்யும் உண்டு என்பதற்கு நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம்.

எமது மாணவன் ஒருவனின் தாயார், தோட்டத்திலே கொழுந்து பறிப்பவர், சீட்டுப் பணம் விழுந்ததும் நகரக் கடையொன்றிலே கைக்கணினி வாங்கினார். '12 கிகாபைட் நினைவகம், 512 கிகாபைட் சேமிப்பகம்' என்று பெட்டியிலே பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. கேள்விப்படாத பெயர். சில வாரங்களில், பையன் பதிவிறக்கி வைத்த பாடங்கள் திறக்க மறுத்தன. எம்மிடம் கொண்டுவந்தார்கள். கருவியின் உட்கூற்றைக் காட்டும் செயலியொன்றை இட்டுப் பார்த்தோம். உண்மை நினைவகம் 2 கிகாபைட். சேமிப்பகம் 32 கிகாபைட். 'செட்டிங்ஸ்' பகுதியே பொய்யைக் காட்டுமாறு மாற்றப்பட்டிருந்தது. இடம் நிரம்பிய பின் சேர்த்தவை யாவும் பெயரளவில் இருந்தனவேயன்றிப் பொருளாக இல்லை.

"சேர், பெட்டியிலே அச்சடிச்சே பொய் சொல்லுவாங்களா?" என்று அந்தத் தாயார் கேட்டார். பற்றுச்சீட்டு எங்கே என்று வினவினோம். விலையைக் கிறுக்கிய ஒரு துண்டுக் கடதாசி மட்டுமே இருந்தது. கடையின் பெயரோ, நாளோ, பொருளின் இலக்கமோ அதில் இல்லை. கடைக்காரர் தாம் விற்கவே இல்லை என்று கூறிவிட்டார். இரண்டாண்டுச் சீட்டுப் பணம் அவ்வாறே போயிற்று. பையன் மீண்டும் தந்தையின் தொலைபேசிக்கே திரும்பினான். தந்தை வேலை முடிந்து வரும் மாலை ஆறு மணிக்குப் பின்னரே அவனுக்குப் பாடம்.

இத்தகைய பொய்யைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. கருவி தாங்கும் என்று கூறப்படும் அளவில் பாதியளவேனும் காணொளிகளைப் படியெடுத்து, கடைசியாகச் சேர்த்ததைத் திறந்து பாருங்கள். திறந்தால் நன்று. மேலும், கூகுளின் 'பிளே ஸ்டோர்' செயலியின் அமைப்புப் பகுதியிலே, 'கருவி சான்றளிக்கப்பட்டது' என்னும் வாசகம் இருக்கிறதா என்றும் நோக்குங்கள். சான்றில்லாத கருவியை எவ்விலைக்கும் வாங்கவேண்டா.

எவை வேண்டும்?

இனி, மாணவர் ஒருவருக்கு வேண்டிய அளவுகளைக் கூறுவோம். நினைவகம், கூட்டாமல் 4 கிகாபைட். இயலுமாயின் 6 அல்லது 8. சேமிப்பகம் 64 கிகாபைட். அதற்குக் கீழே இறங்கவேண்டா. 128 உள்ளதாயின் சாலச் சிறந்தது. நினைவட்டை செருகும் துளையும் இருத்தல் நன்று. மலைநாட்டுப் பிள்ளைக்கு இது மிக இன்றியமையாதது. ஏனெனில், அலைவரிசை கிடைக்கும் இடத்திலே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, கிடைக்காத வீட்டிலே படிக்கவேண்டியவன் அவன்.

திரை 8 அங்குலத்துக்கு மேற்பட்டதாக இருப்பின் கதை நூல் படிக்கப் போதும். பாடநூலின் பக்கம் முழுவதையும் பெருக்காமல், நகர்த்தாமல் ஒரே பார்வையிற் படிக்க 10 அல்லது 11 அங்குலம் வேண்டும். அத்தகைய திரையில் 1920க்கு 1200 என்னும் புள்ளியளவு இருந்தால், தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் தெளிவாகத் தெரியும். 'ர' வுக்கும் 'ா' வுக்கும் வேற்றுமை காண்பதற்குக் கண்ணைச் சுருக்கவேண்டியிராது.

மின்கலம் 11 அங்குலக் கருவிக்கு 7,000 மில்லியம்பியர் மணியளவிலாவது இருக்கவேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை.

சிம் அட்டை இடும் வசதி வேண்டுமா? வீட்டிலே தந்தையிடமோ தாயிடமோ திறன்பேசி இருந்தால், அதன் இணைப்பை வை-பை வழியாகக் கைக்கணினிக்குப் பகிரலாம். சிம் இல்லாத மலிவான மாதிரியே போதும். தொலைபேசியோடு பெற்றோர் பகல் முழுதும் வெளியே செல்லும் வீடாயின், சிம் வசதியுள்ளதே பயன்படும். வாட்ஸ்அப் குழுவிலே ஆசிரியர் அனுப்பும் குறிப்புகளைப் பெறுவதற்கு, பெற்றோரின் கணக்கோடு கைக்கணினியை இணைத்துக்கொள்ளலாம். அதற்கெனத் தனி இலக்கம் வேண்டியதில்லை.

இவ்வளவுகளை விளக்கச் சில மாதிரிகளைச் சுட்டுவோம். 2023 இல் வெளிவந்த சம்சுங் கலக்ஸி டெப் ஏ9 என்பது 8.7 அங்குலத் திரையும் 5,100 மில்லியம்பியர் மணி மின்கலமும் உடையது, கைக்கு அடக்கமானது, பாடநூலுக்குச் சிறிது. அதனோடு வந்த ஏ9 பிளஸ் 11 அங்குலமும் 1920க்கு 1200 புள்ளியளவும் கொண்டது. அவ்வாண்டே வெளிவந்த ரெட்மி பேட் எஸ்.ஈ. 11 அங்குலத் திரையும் 8,000 மில்லியம்பியர் மணி மின்கலமும் உடையது. ஆனால் சிம் வசதியற்றது. 2024 இல் வெளிவந்த லெனோவோ டெப் எம்11, பேனாவால் எழுதவும் இடந்தருவது. இவற்றையே வாங்குக என்று நாம் கூறவில்லை. மாதிரிகள் ஆண்டுதோறும் மாறும். இவற்றின் அளவுகளை உரைகல்லாகக் கொண்டு, நீங்கள் வாங்கும் நாளில் கடையிலுள்ள புதியவற்றை உரைத்துப் பாருங்கள். ஹுவாவி நிறுவனத்தின் கருவிகளை வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2019 இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பின் வெளிவந்த அதன் மாதிரிகளில் கூகுளின் சேவைகள் உடன்வருவதில்லை. ஆசிரியர் கூகுள் வகுப்பறையைப் பயன்படுத்துவாராயின் அது இடையூறாகும்.

கடையிலே செய்யவேண்டுவன

முதலாவது, கடையின் பெயர், முகவரி, நாள், மாதிரி, தொடரிலக்கம் யாவும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். "சீட்டில்லாமல் எடுத்தால் விலை குறைப்போம்" என்று கூறினால், அக்கடையை விட்டு வெளியேறுங்கள். இரண்டாவது, உத்தரவாதத்தை யார் தருகிறார் என்று வினவுங்கள். இலங்கையில் அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் தருவது ஒன்று. கடைக்காரர் தாமே தருவது வேறொன்று. பழுதுபட்டால் எங்கே கொண்டு செல்வது, மாத்தளையிலா, கண்டியிலா, கொழும்பிலா என்பதையும் கேளுங்கள். பஸ் கூலியும் ஒரு நாள் சம்பளமும் அதிலே அடங்கியுள்ளன.

மூன்றாவது, சிம் வசதியுள்ள கருவியாயின் அதற்குரிய பதினைந்து இலக்க அடையாள எண் பெட்டியின்மேல் இருக்கும். 'செட்டிங்ஸ்' பகுதியிலும் தெரியும். இரண்டும் ஒன்றா எனப் பாருங்கள். பின்னர் 'ஐ.எம்.ஈ.ஐ.' என்பதற்குரிய ஆங்கில எழுத்து நான்கினையும், ஓர் இடைவெளி விட்டு அவ்வெண்ணையும் தட்டி, 1909 என்னும் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலே அது பதிவானதா என்பது தெரியவரும். பணம் கொடுப்பதற்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

நான்காவது, ஏமாற்றப்பட்டால் மௌனமாய் இருந்துவிடாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, முறைப்பாடுகளை 1977 என்னும் இலக்கத்தில் ஏற்கின்றது. முறைப்பாட்டுக்கு உயிர்நாடி பற்றுச்சீட்டே என்பதைத் திரும்பவும் கூறவேண்டியதில்லை.

பழைய கருவி வாங்குவதும் தவறன்று. பெயரறியாப் புதியதைவிட, நற்பெயருள்ள நிறுவனத்தின் ஈராண்டுப் பழையது பலவேளைகளில் மேலானது. முதுகுத் தகடு புடைத்திருந்தால் மின்கலம் வீங்கியிருக்கிறது என்பது பொருள், அதனைத் தொடவேண்டா. பழைய உரிமையாளர் தமது கூகுள் கணக்கை நீக்கி, கருவியை முற்றாக வெறுமையாக்கித் தருகிறாரா என்பதையும் நேரிலே காணுங்கள். நீக்காதது பூட்டிக்கொள்ளும்; நீங்கள் திறக்க இயலாது.

வாங்கிய பின்னர்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவார் போல, கைக்கணினியை வாங்கிவிட்டு உறைக்கும் திரைக்காப்புக் கண்ணாடிக்கும் கணக்குப் பார்ப்போர் உண்டு. அவற்றுக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்குங்கள். திரை உடைந்தால் மாற்றும் செலவு, சிலவேளை கருவியின் விலையிலே பாதியை எட்டும். மார்ச்சு, ஏப்ரில் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலையில் இடியுடன் மழை வரும்போது, மின்னூட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அடுப்பங்கரையிலும் வெயிலிலும் வைக்காதீர்கள். வெப்பமே மின்கலத்தின் பகை.

கருவி வந்த அன்றே அதனைப் படிப்புக்கு ஆயத்தப்படுத்துங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலே பாடநூல்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலே பாடங்கள் உள்ளன. 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்திலே, ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கிலே பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் அனுப்பும் குறிப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால், கைக்கணினியிலே அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அது கருவியின் குறையன்று, குறிப்பை 'பி.டி.எவ்.' வடிவில் அனுப்பும்படி ஆசிரியரைக் கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வேண்டியதா? அன்று என்போம். இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் திரைமுன் இருத்தல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் சிறுவனுக்குத் தேவை நல்ல ஆசிரியரும், கதைப் புத்தகமும், உறக்கமுமே. தென்னமெரிக்காவின் பேரு நாடு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை மாணவருக்கு வழங்கியது. அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி 2012 இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் அம்மாணவர் பெற்ற புள்ளிகள் உயரவில்லை என்று காட்டியது. கருவி தானாகக் கற்பிப்பதில்லை; பிள்ளையின் அருகே அமர்ந்து, "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்கும் ஒருவர் வீட்டிலே வேண்டும். தமக்கு எழுத்தறிவு குறைவாயிற்றே என்று அதற்குத் தாய்மார் கூச்சப்படவேண்டியதில்லை. பிள்ளை தான் கற்றதைத் தாய்க்கு விளக்கிச் சொன்னால், அதுவே இரண்டாம் முறை கற்றதாகும்.

ஆகவே பெற்றோரே, அவசரப்படாதீர்கள். பணம் போதாதெனில் இன்னும் மூன்று மாதம் பொறுத்துச் சேருங்கள். அதுவரை இருக்கின்ற தொலைபேசியே போதும். பதிப்பையும் திருத்தத்தின் நாளையும் பாருங்கள். கூட்டாத நினைவகத்தைக் கேளுங்கள். பற்றுச்சீட்டை வாங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உழைத்த பணத்தை எவ்வாறு எண்ணிச் செலவிடுவது என்பதை அவன் அன்று கற்றுக்கொள்வான். அந்தப் பாடத்தை எந்தக் கைக்கணினியும் அவனுக்குச் சொல்லிக்கொடாது.